செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் சிவப்புக் கோடு

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் மனு வாங்கும் மேசையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மாலை ஐந்து மணியானதும் பதிவேட்டின் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். அப்போது வரிசையில் கடைசியாக நிற்பவரிடம் அதன் கீழே கையெழுத்து வாங்குவார். அந்தப் பக்கத்தின் கார்பன் நகலை வெளிப்பலகையில் குத்துவார். விதிப்புத்தகத்தில் உள்ளதுதான். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், இவர் விடவில்லை.

“சாப்பிட்டு எழுந்தா தட்டுலயும் ஒரு கோடு இழுத்துட்டுத்தான் கை கழுவுவாரு” என்பாள் மனைவி.

பிரேக் பிடிக்காமல் கடைக்குள் பாய்ந்த பேருந்தை ஓட்டிய பெண்ணின் வழக்கு வெள்ளிக்கிழமைக்கு வந்திருந்தது. போக்குவரத்துத் துறை அவள் உரிமத்தைப் பறித்திருந்தது. பிரேக் சரியாக இருந்தது என்று காட்டும் அறிக்கையைத் துறை செவ்வாய்க்குள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் உரிமம் அவளுக்கே திரும்பிவிடும்.

வியாழன் பகல் ஒன்று பத்துக்கு, மற்றவர்கள் சாப்பிடப் போனபின், துறையின் ஆட்கள் இருவர் அறிக்கையோடு வந்தார்கள்.

“செவ்வாய்க்கிழமை வந்ததா எழுதிக்குங்க பெரியவரே.”

“இன்னைக்கு வியாழன்.”

“அட, கிழமையெல்லாம் கரெக்டா சொல்றாரே!” என்று குட்டையன் சிரித்தான். நெட்டையன் கதவைத் தாழிட்டான்.

பின்தலையைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார்கள். இரண்டு பற்கள் மைப்பெட்டிமேல் விழுந்தன. வலது கையை மேசை டிராயருக்குள் வைத்து, நெட்டையன் அதை இடுப்பால் ஓங்கித் தள்ளினான். இரண்டாவது தள்ளலில் விரல்கள் முறியும் சத்தம் கேட்டது. மூன்றாவதற்கு அவரிடம் கத்தக்கூடத் தெம்பில்லை.

“எழுதுய்யா!”

“இடமில்லப்பா. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பாரு.”

திருப்பினான். கோடு. அதன் கீழே அந்த ஓட்டுநரின் கையெழுத்து. செவ்வாயன்று, துறை ஏதாவது கொடுக்கிறதா என்று ஐந்து மணிவரை காத்து நின்றவள் அவள்.

குட்டையன் பக்கத்தைக் கிழித்துக் கசக்கி அவர் வாயில் திணித்தான். “தின்னு! உன் கோட்டை நீயே தின்னு!” தேதி முத்திரையைத் தானே பின்னுக்குத் திருப்பி அறிக்கையில் குத்தி, மனுத் தட்டில் போட்டுவிட்டுப் போனான். போகிற வழியில் பலகையைத் தாண்டித்தான் போனார்கள். யாரும் படிக்காத அந்தப் பலகையை அவர்களும் படிக்கவில்லை.

சாப்பிட்டுத் திரும்பிய சக ஊழியர்கள் அவரை மருத்துவமனைக்குத் தூக்கப் பார்த்தார்கள். “இருங்க” என்று சொல்லி, இடது கையால் பதிவேட்டில் எழுதினார்: ‘பகல் 1.10. அறிக்கை ஒன்று. கொண்டுவந்தவர்கள் இருவர். முத்திரையை அவர்களே குத்தினார்கள். பற்கள் இரண்டு, விரல்கள் மூன்று.’

மறுநாள் தீர்ப்பாயத் தலைவர் பலகையிலிருந்து செவ்வாய்க்கிழமை நகலை எடுத்துவரச் சொன்னார். படித்தார். அறிக்கையைத் தள்ளினார், அந்த இருவர்மேல் வழக்குப் போடச் சொன்னார்.

அன்று மாலை ஐந்துக்கு, உரிமம் கிடைத்ததற்கான ரசீதோடு வரிசையில் கடைசியாக அந்த ஓட்டுநர் நின்றாள். அவர் கையில் கட்டு. இடது கையால் கோடு இழுத்தார்.

“கோணலா போகுதே அண்ணே.”

“கோணலா இருந்தா என்னம்மா, செவ்வாய்க்கிழமை கோடு பிரேக் பிடிச்சுதில்ல? அது போதும். கீழ கையெழுத்துப் போடு.”