அண்ணனின் முணுமுணுப்பு

அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். கீழே தகரம் தட்டும் சத்தத்தில் நான் பேசுவது பாதிப் பேருக்குக் கேட்காது. என் இங்கிலீஷுக்கு அது நல்ல பாதுகாப்பு.

தெளிவில்லாத பேச்சுக்கென்றே ஒரு வகுப்பு எடுப்பேன். வாயைச் சரியாகத் திறக்காமல் சொல்லை உள்ளேயே மென்றால் மம்பிள். எரிச்சலில் அடிக்குரலில் முணுமுணுத்தால் மட்டர். அதற்குக் கோபத்தைக் காட்ட எதிரே ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் இதமாகச் சொன்னால் மர்மர். நாக்குக் குழறினால் ஸ்லர். அதற்குக் குடிகாரனைப் போலத் தள்ளாடிக் காட்டுவேன். நல்ல கைதட்டல் விழும். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்த பிறகு தள்ளாடுவதை நிறுத்திவிட்டேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கத்திக் கத்தி வியாபாரம் செய்தவர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, தொண்டைக்குள் ஒரு உருட்டல் மட்டும்தான் மிச்சம். அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டருக்கே தெரியவில்லை.

"அப்பாவுக்கு ஒண்ணும் வெளங்கல சித்தப்பா" என்றான் அவர் மகன்.

நான் நம்பவில்லை. சின்ன வயதிலிருந்தே என் ஜோக்கைக் கேட்டால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்குரலில் திட்டுவார். எனவே தினமும் கட்டில் ஓரம் உட்கார்ந்து, இருப்பதிலேயே மட்டமான ஜோக்காகப் பார்த்துச் சொன்னேன். ஒருநாள் புருவம் சுருங்கியது. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. பிறகு அந்த உருட்டல்.

"மதினி, அண்ணன் என்னையத் திட்டுறாரு."

"எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தேன் கேக்குது தம்பி."

"சத்தத்த விடுங்க. புருவத்தப் பாருங்க. ஆளு மேல கோவம் இருந்தாத்தேன் இப்பிடி வரும்."

மதினி யோசித்தார். "அப்ப நானும் வாங்கிப் பாக்குறேன். அம்புட்டு வருசம் வாங்குனவதானே" என்று சொல்லி, குனிந்து அவர் காதருகே, "இன்னைக்கும் ஒங்களுக்குப் பாவக்காதேன்" என்றார். புருவம் நெரிந்தது. உருட்டல் இன்னும் நீளமாக வந்தது. மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். உலகத்தில் எந்தப் பெண்ணும் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகும் அந்தச் சத்தம் இருந்தது. ஆனால் ஜோக்குக்கும் வந்தது, மின்விசிறிக்கும் வந்தது, அறையில் யாரும் இல்லாதபோதும் வந்தது. உதடு மட்டும் எதையோ மென்றது. புருவம் சமமாக இருந்தது. இதற்கான சொல் எனக்குத் தெரியும். அதற்காக மாதாமாதம் ஃபீஸ் வாங்குகிறேன். ஆனாலும் விடாமல் ஜோக் சொன்னேன். நானே சிரித்தும் வைத்தேன்.

"இன்னைக்கு நல்லாவே திட்டுறாரு மதினி."

மதினி குழைந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"திட்டல தம்பி. நான் போன வாரமே பாத்துட்டேன். நீங்க வந்து இம்புட்டுக் கூத்தடிக்கிறீங்களேன்னுதேன் சொல்லல."

அண்ணனின் தலைக்கடியில் கை கொடுத்து லேசாகத் தூக்கினேன். மதினி முதல் வாய் ஊட்டினார்.