ஆட்டுக்குக் கேட்ட வளையல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவள், "என் பேச்சைக் கேட்டுக் குறை சொல்லுங்கள்" என்று நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. "கருத்து கேக்குறேன்னு வரச் சொல்லிட்டு, வந்தவுககிட்ட சண்டைக்கு நிக்கக் கூடாது. சொல்லிட்டேன்," என்று டீத்தூள் போடும்போதே எச்சரித்தார். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டிலும் அதே குரல்தான்.

நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு வளையல் செய்திருந்தோம். அவள் என்னோடு கல்லூரியில் படித்தவள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு என்னை நம்பித் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்தவள். வளையலைப் பார்த்தால் கொஞ்சம் தடித்த கைவளையல், அவ்வளவுதான். போட்டுக்கொண்டால், மனுசக் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் எவனாவது நமக்குத் தெரியாமல் ஃபோனில் பேச்சைப் பதிவு செய்தால், அதில் வெறும் இரைச்சல்தான் விழும். சர்க்யூட் எல்லாம் அவள் வேலை. அதைப் பற்றி ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுவது என் வேலை.

மதுரையில் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடமும் கருவிகளும் கொடுக்கிற ஒரு மையம் எங்களைக் கூப்பிட்டிருந்தது. ஐந்து நிமிடம் பேசி அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதே நேரத்தில் கூட்டாளியின் பழைய கம்பெனியும் அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது. மதுரைப் பேச்சு சனிக்கிழமை. அவள் வேலைக்குச் சேர வேண்டியது இரண்டே நாள் கழித்து, திங்கட்கிழமை. "மதுரைல வேணாம்னுட்டா நான் கிளம்பிருவேன்டி. வீட்ல இனிமே சமாளிக்க முடியாது," என்று சொல்லிவிட்டாள். அவள் போனால் வளையலும் போச்சு.

அதற்காகத்தான் அந்தக் கருத்துக் கேட்பு. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரா வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள், அன்பியம் என்போம். அந்த வாரம் எங்கள் வீடு. ஜெபமாலை முடிந்த கையோடு பெண்களை அப்படியே உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்து, தரவு, தனியுரிமை, கண்காணிப்புப் பொருளாதாரம் என்று வெளுத்து வாங்கினேன்.

முடித்ததும் ஒருவர் கேட்டார்: "அம்புட்டும் நல்லாத்தான் இருக்கு பாப்பா. இது கவரிங்கா, தங்கத்துலயும் கிடைக்குமா?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து, பக்கத்து வீட்டு அத்தை. "என் மருமக பேசுறத ஃபோன்ல பிடிச்சு வச்சுத்தான் எம்மகனுக்குப் போட்டுக் காட்டுறேன். இது வந்துட்டா எம் பொழப்பு என்னாகுறது?"

"அப்ப மொத வளையல் உங்க மருமகளுக்குத்தான் அத்தை. சும்மாவே தாரேன்," என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடியும் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில்லுக்குப் போய்வரும் அக்கா ஒருவர் கடைசியாக வாய் திறந்தார். "மில்லு பஸ்ஸுல நாங்க சூப்பர்வைசரப் பத்திப் பேசுனத எவனோ பிடிச்சு, அவருகிட்டயே போட்டுக் காட்டிட்டான். அன்னைலருந்து பஸ்ஸுல ஒருத்தரும் வாயத் தெறக்கிறதில்ல. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஊமை மாதிரி போயிட்டு வாரோம். இதப் போட்டா பேசிக்கலாமா?"

"பேசிக்கலாம்க்கா," என்றேன். அத்தனை ஸ்லைடிலும் இந்த அக்கா எங்கேயும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்லோரும் போன பிறகு அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நீ நிறையப் படிச்சிருக்கேன்னு தெரியுது. என்ன விக்கிறேன்னுதான் தெரியல." வந்த கோபத்தில் நான் சாப்பிடாமல் படுத்தேன். செத்த நேரத்தில் எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். மீன் குழம்பு, அதன்மேல் எனக்கு என்ன கோபம்?

கூட்டாளிக்கு வேறு கவலை. "வீட்டுக்குள்ள வேலை செய்யுது. சனக்கூட்டத்துல செய்யுதான்னு பாக்கணும்," என்றாள். அவளுடைய அண்ணன் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர். சனத்துக்கு அங்கே என்ன பஞ்சம்? வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் போய் நின்றோம்.

அண்ணன் அப்போதுதான் ஒரு பெரிய வியாபாரத்தில் இருந்தார். மொத்த மந்தைக்கும் விலை. அவரும் வாங்க வந்தவரும் கைகுலுக்குவதுபோல் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்திச் சொல்வார்கள். ஒத்துவராவிட்டால் கை நழுவும். ஒத்துவந்தால் முழுக் கையையும் இறுக்கிப் பிடித்து ஒரு குலுக்கு. வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம்.

நான் ஃபோனில் பதிவைத் தொடங்கினேன். கூட்டாளி கையிலிருந்த வளையலை முடுக்கிவிட்டாள்.

ஐயோ, அந்தக் கூத்தை என்ன சொல்ல! அதுவரை தேமேயென்று நின்ற ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஒரு கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு டீக்கடைக்குள் புகுந்து பெஞ்சின்மேல் நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வெளியே பாய்ந்தார்கள். கூட்டாளி பதறிப்போய் அணைத்தாள். ஆடுகள் அடங்கின. மனுசியாகப் பிறந்தவள் அதோடு விட்டிருப்பாள். இவளுக்குச் சந்தேகம் தீர வேண்டுமே, மறுபடி முடுக்கினாள். மறுபடியும் மந்தை சிதறியது.

"ஆட்டுக்குக் கேக்குதுடி!" என்றாள், கண்ணெல்லாம் விரிய.

வாங்க வந்தவர் கையை உருவிக்கொண்டார். "சீக்குப் பிடிச்ச மந்தையாவுல்ல இருக்கு." துண்டு அண்ணன் கையில் தனியாகத் தொங்கியது. "ஏ பிள்ள! கூடப் பொறந்தவளா நீ? போயிருங்க ரெண்டு பேரும், எங்கண்ணு முன்னாடி நிக்காதீங்க!" என்று அவர் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் கோபம் நியாயம். ஆனாலும் எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ் ஏறும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பஸ்ஸில் பதிவைப் போட்டுக் கேட்டோம், வெறும் இரைச்சல்தான். எனக்கோ அந்தத் துண்டே கண்ணுக்குள் நின்றது. சந்தையில் அத்தனை பேர் சுற்றி நின்றார்கள். உள்ளே விலை பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவராவது எட்டிப் பார்த்தாரா? "என்னத்தை மறைக்கிறே?" என்று கேட்டாரா? பேச்சு முடிந்ததும் துண்டு தோளுக்குப் போய்விடுகிறது. நாங்களோ நாள் முழுக்கச் சத்தம் விடுகிற வளையலைச் செய்துவைத்திருந்தோம்.

கூட்டாளியிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே உட்கார்ந்து மாற்றினாள். இனிமேல் விரலால் அழுத்திப் பிடிக்கிற நேரம் மட்டும்தான் வேலை செய்யும். அப்போது சின்னதாக ஒரு விளக்கு எரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரிய. நான் ஸ்லைடுகளை எல்லாம் தூக்கிப் போட்டேன். புதுப் பேச்சை அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "இப்ப வாங்கணும்போல இருக்கு," என்றார். அம்மா வாயில் அது பெரிய வார்த்தை.

சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் தங்கை கேட்டிருந்த துண்டு, வெளுத்து மடித்தபடி. "அந்த மந்தை வேற ஆளுக்குப் போயிருச்சு. சந்தையில கெடுத்த மாதிரி மதுரைலயும் கெடுத்துட்டு வராதீக," என்று துண்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மதுரையில் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார் சிரிக்கவே மாட்டார்போல் இருந்தார். நேரே போய் அவரிடம் கையை நீட்டி, மேலே துண்டைப் போட்டு, அவர் விரலை அழுத்தினேன். "உங்ககிட்ட ஒரு விலை சொல்லிட்டேன். எல்லாரும் பார்த்தாங்க. என்ன விலைன்னு யாருக்காவது தெரியுமா?" என்றேன். பிறகு சந்தையைச் சொன்னேன், மில் பஸ்ஸைச் சொன்னேன். "ஆட்டு விலைக்குக் கிடைக்கிற மரியாதை, ஷிப்டு முடிஞ்சு வர்ற பொம்பளை பேச்சுக்குக் கிடைக்கல. இந்த வளையல் அவங்களோட துண்டு," என்று முடித்தேன்.

அம்மையார் கேட்டார்: "இந்தச் சத்தம் யாருக்குமே கேட்காதா?"

நான் பூசி மெழுகத்தான் வாயெடுத்தேன். அதற்குள், மேடை என்றாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள் முன்னால் வந்தாள். "ஆட்டுக்குக் கேக்கும் மேடம்," என்றாள். அறையே சிரித்தது, அம்மையாரும்தான். அவள் விடவில்லை. சந்தையில் நடந்தது, அதனால் என்ன மாற்றினோம், நாய்க்கும் குழந்தைக்கும் இன்னும் என்னென்ன சோதிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"திங்கட்கிழமை பதில் சொல்கிறோம்," என்றார்கள்.

அதே திங்கட்கிழமை! அன்றைக்குக் காலையில் அவள் பெங்களூரில் நிற்க வேண்டும். பதில் வருமுன் கிளம்பியாக வேண்டும். திரும்பி வர பஸ் ஏறினோம். வாடிப்பட்டி தாண்டியது. கொடைரோடு தாண்டியது. எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிற எனக்கு, "போயிருவியாடி?" என்று கேட்கப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அவள் என் மடியிலிருந்த துண்டை எடுத்தாள். உதறி எங்கள் இருவர் கைமேலும் போட்டாள். ஒரு விரலைப் பிடிப்பாள், பேரம் பேசுவாள் என்று நினைத்தேன்.

முழுக் கையையும் இறுக்கிப் பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கினாள்.