டோக்கன் இல்லாத ஏழுமலை

"போர்டு காலியா கீதுய்யா! இன்னும் இன்னா பாத்துகினு கீற? ஸ்விட்ச போடு!" என்று ஃபோர்மேன் கத்தினார்.

அறுபதுகளில் நடந்தது. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் என் வீடு. தங்கக் கல் அரைக்கும் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை. பெரிய பீப்பாய் மாதிரி சுற்றும் அந்த மில்லை நிறுத்தி உள்ளே இறங்குபவன், முதலில் தன் பித்தளை டோக்கனை ஸ்விட்ச் பக்கத்துப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு டோக்கன் தொங்கினாலும் கழற்றிய ஃபியூஸை நான் திருப்பிப் போடமாட்டேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டோக்கன் கம்பெனி ஆளுக்கு மட்டும். உள்ளே தேய்ந்த தகடுகளை மாற்ற வந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது. அவர்கள் உடம்பு மட்டும் என்ன இரும்பா?

அவர்களில் ஏழுமலை என்று ஒருவன், குடியாத்தம் பக்கத்துக்காரன். வெளியே வந்தால் நேராக என்னிடம்தான் வருவான். என் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னாணா, கரண்டு உன்ன இன்னும் வுட்டு வெச்சிருக்குதா?" என்பான். அன்று கம்பெனி ஃபிட்டர்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏழுமலை வரவில்லை.

"ஏழுமல உள்ள கீறான் சார். நான் போடமாட்டேன்."

"வேல பூடும், தெரிதா?"

"போவட்டும் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, பயம்தான். வீட்டில் என் சம்பளம்தான் சோறு. ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி, மில்லின் வாயில் தலையை விட்டுக் கத்தினேன்.

"இன்னாணா?" என்று இருட்டுக்குள்ளிருந்து அவன் முகம் வந்தது. பின்னால் இன்னும் இரண்டு பேர். ஃபோர்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவரே பலகையில் புதிதாக ஆணிகள் அடித்தார். டோக்கன் இல்லாதவன் தன் பொருள் எதையாவது மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்றார். ஏழுமலை தன் சிவப்புத் துண்டை மாட்டினான்.

"டேய், தோச்சிட்டு மாட்டுடா, நாறுது!"

"நாறட்டும்ணா. அப்பதான் நான் உள்ள கீறேன்னு மறக்கமாட்ட."

கான்ட்ராக்ட் முடிந்த அன்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வரேண்ணா" என்று போனான். பம்பாய்க்குப் போனதாகச் சொன்னார்கள். பிறகு நான் அவனைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் குரலுக்கு மனசு ஏங்குகிறது.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உள்ளே இறங்குபவன் கம்பெனி ஆளா, கான்ட்ராக்ட் ஆளா என்று பார்க்காதீர்கள்; அவன் பொருள் தொங்கிக்கொண்டிருக்கும்வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள். ஆணி காலியாக இருந்தால் அவன் பத்திரமாக வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் அவன் போன அன்று, அந்தக் காலி ஆணியைப் பார்த்துக்கொண்டு ஸ்விட்சைப் போட எனக்குக் கையே வரவில்லை.