வெள்ளைத் துணி கட்டிய கொடி

திராட்சையை எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்போம். ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டு வளவில் ஆறு முந்திரிகைக் கொடிகள் நின்றன. வெளிநாட்டுப் பழங்கள் கடைக்கு வராமல் நின்றுபோயிருந்த எழுபதுகளின் தொடக்கம் அது. உப்புக் காற்றடிக்கிற தீவில் முந்திரிகை வைத்த துணிச்சல்காரர் தான் ஒருவர்தான் என்று அப்பா இறங்குதுறைவரை சொல்லித் திரிந்தார். ஆனால் கொடிகளைக் கத்தரித்துவிட்டுத் துளிருக்குக் காத்திருந்தால், வண்டு வந்து மொட்டோடு தின்றுவிட்டுப் போனது. அப்பாவுக்கு மானப் பிரச்சினை. துளிர்க்காத கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிளகாய் வைப்பேன் என்று அம்மாவிடம் சபதம் போட்டார். அப்பா போடும் சபதங்களில் பாதியையாவது நிறைவேற்றுபவர் என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வருடம் விவசாயத் திணைக்களத்திலிருந்து வண்டுகளை ஆராய ஒருவர் வந்தார். ஒல்லியான இளைஞர். பஸ்ஸில் வந்து இறங்கி, மருந்தடிக்கிற கருவியைத் தோளில் சுமந்துகொண்டு வளவுக்குள் நுழைந்தார். ஐந்து கொடிகளுக்கு மருந்தடித்தார். கிணற்றடியில் நின்ற ஆறாவது கொடியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்.

அது என் கொடி. நான் நட்டதல்ல, ஆனால் முகம் கழுவும் தண்ணீரெல்லாம் அதற்குத்தான் போகும். செத்த வீட்டில்தான் வெள்ளை கட்டுவார்கள் என்பது ஒன்பது வயதுக்காரிக்குத் தெரியாதா?

“இதுக்கு மருந்து இல்லையோ?” என்று கேட்டேன்.

“இதைச் சும்மா விடவேணும், பிள்ளை. அப்பதான் மற்றதுகளுக்கு மருந்து வேலை செய்ததோ எண்டு ஒப்பிட்டுப் பாக்கலாம்.”

அப்பா தலையாட்டினார். ஒருவருக்கும் என் கொடியைப் பற்றிக் கவலையில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

மறுநாள் விடியற்காலையில் நானே போனேன். குளிரில் வண்டுகள் மந்தமாகக் கிடந்தன. விரலை நீட்டினால் போதும், செத்ததுபோல் பொத்தென்று கீழே விழுந்து மண்ணோடு மண்ணாகிவிடும். கள்ளப் பயல்கள். இரண்டு நாள் மண்ணைக் கிண்டிக் களைத்தபிறகு எனக்கு மூளை வேலை செய்தது. அப்பாவின் கறுப்புக் குடையை விரித்து, தலைகீழாகக் கொடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு கொப்பை உலுப்பினேன். அத்தனையும் குடைக்குள். அப்படியே மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர்ச் சட்டிக்குள் கொட்டினேன். அதன்பிறகு பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் இதே வேலை. குடை ஏன் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று அப்பா அம்மாவிடம் கேட்க, குசினியில் குடைக்கு என்ன வேலை என்று அம்மா திருப்பிக் கேட்டு, அவர்கள் இருவரும் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த இளைஞர் துளிர் எண்ண வந்தார். மருந்தடித்த ஐந்தும் நன்றாகத்தான் துளிர்த்திருந்தன. கிணற்றடிக் கொடியோ கொப்பே தெரியாமல் துளிர்த்து நின்றது. அவர் எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

“என்ன தம்பி, தண்ணியையோ கொண்டுவந்து அடிச்சனீர்?” என்றார் அப்பா.

இளைஞரின் முகம் கறுத்துப்போயிற்று. எனக்கு அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

“மருந்தில பிழையில்லை. நான்தான் வண்டு பிடிச்சனான்.”

அப்பா கையை ஓங்கினார். இளைஞர் குறுக்கே வந்து நின்றார். கொடியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, “எப்பிடிப் பிடிச்சனீர்?” என்று கேட்டார். பெரிய மனுசிபோல என்னை ‘நீர்’ என்ற முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நான் குடையைப் பிடித்துக் கொப்பை உலுப்பினேன். விழுந்த வண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணித் தன் கொப்பியில் எழுதினார். பிறகு குடையைத் தானே வாங்கி ஒரு கொப்பை உலுப்பிப் பார்த்தார். அவருக்குப் பாதி வண்டுகள் வெளியே விழுந்தன. நான் திருத்தினேன். அடுத்தமுறை சரியாகச் செய்தார்.

அப்பாவின் கோபம் தேத்தண்ணீரோடு இறங்கிவிட்டது. அன்று மாலையே, தீவில் குடையால் வண்டு பிடித்த முதல் பிள்ளை தன்னுடையது என்று இறங்குதுறையில் சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு கொடியும் பிடுங்கப்படவில்லை. அந்த வருடம் கிணற்றடிக் கொடியின் குலைகளை வந்து பார்க்காத ஆளில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் நானே விளக்கம் சொன்னேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

வண்டு எண்ணிய அன்று புறப்படும்போது அவர் அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: “ஒப்பிட்டுப் பாக்கச் சும்மா விட்ட கொடி இல்லாமல் இந்த முறைக் கணக்கு ஒண்டும் செல்லாது, அண்ணை. அடுத்த வருசம் முதல்ல இருந்து செய்யவேணும்.” அடுத்த வருடமும் வரப்போகிறார் என்று எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பஸ் வரும்வரை அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் வெண்டிட்டன், என்ன?” என்று கேட்டேன்.

அவர் வெறும் தெருவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓம், பிள்ளை. நீர் வெண்டிட்டீர்.”

அடுத்தநாள் வகுப்பு முழுக்க நான் வென்ற கதையைச் சொல்லித் திரிந்தேன். அந்த ஒரு ‘ஓம்’ சொல்ல அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் யோசிக்கவேயில்லை.