முழங்கைக்கு ஓடிய முள்

சந்தைக்கு வண்டியில் போனவன், காய்கறிப் பையோடு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பி, வாசலில் வண்டியைக் காணோம் என்று திருடனைத் திட்டினால் அவனை என்ன சொல்வது? தெருவே கூடிய பிறகு என் மனைவிதான் கேட்டாள்: "நீங்க வண்டியிலதானே போனீக?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலையே செல்போனில் மறதி நோயைப் பற்றித் தேடினேன். அத்தனை அறிகுறியும் எனக்கு இருந்தது. படித்ததை மறந்துவிடுவேனோ என்று மறுபடியும் தேடினேன்.

தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்வார் என்று காரைக்குடியில் டாக்டரம்மாவிடம் போனால், அவர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"ஒரு கடிகாரம் வரைங்க. நம்பரெல்லாம் போட்டு, பதினொண்ணு பத்து காட்டுங்க."

"ஓடுறதா, நின்னு போனதா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் தொட்டதும் என் இடது மணிக்கட்டு குறுகுறுத்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, கண்டரமாணிக்கத்திலிருந்து வரும்போதெல்லாம் என் மணிக்கட்டில் நீலப் பேனாவால் ஒரு வாட்ச் வரைந்துவிடுவார். வார் உண்டு, சாவி உண்டு. நேரம் மட்டும் எப்போதும் நாலு. "பள்ளிக்கூடம் விட்டாச்சு மாப்ள, ஓடு!" என்பார். குடும்பத்தின் கோமாளி அவர். சாவு வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார எல்லோரும் பயப்படுவார்கள், சிரிப்பு வந்துவிடும் என்று.

ஒருமுறை திருக்கோஷ்டியூர் தெப்பத்துக்கு எங்களை அழைத்துப்போக வந்தவர், வழக்கம்போல் என் கையைப் பிடித்தார். வெகுநேரம் வரைந்தார். முடித்ததும் பார்த்தால், பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் ஒரு பாதியில், டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குவது போல நெருக்கியடித்து நிற்கின்றன. மறுபாதி காலி. முள் இரண்டும் வட்டத்தைத் தாண்டி முழங்கையை நோக்கி ஓடுகின்றன.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னண்ணே, முள்ளு ரெண்டும் எங்குட்டுப் போகுது?"

மாமா என் கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

"தெப்பம் பாக்கத்தான். நமக்கு முந்திப் போயி எடம் பிடிக்குது."

அந்தக் கையை மட்டும் நனைக்காமல் குளித்தேன். பள்ளிக்கூடத்தில் புது மாடல் என்று காட்டியதும் பையன்கள் எனக்கும் எனக்கும் என்று கையை நீட்டினார்கள். எல்லோருக்கும் எண்களை ஒரே பக்கமாய் நெருக்கி, முள்ளை வெளியே விரட்டி, மிகுந்த அக்கறையோடு வரைந்து கொடுத்தேன்.

சில வருடங்களில், மாமா தன் தெருவிலேயே நின்றுகொண்டு தன் வீட்டுக்கு வழி கேட்டார். அதையும் முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தார்கள்.

நான் வரைந்த தாளை டாக்டரம்மா குனிந்து பார்த்தார். அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது லேசாக அசைந்தாலும் போதும், நானும் சிரித்துவிடுவேன். 'இது புது மாடல் டாக்டர்' என்ற பதில்கூட நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"கடிகாரம் சரியா இருக்கு. ராத்திரி செல்போனைப் பாக்காமத் தூங்குங்க."

பதிலுக்கு வேலையில்லாமல் போயிற்று. வெளியே வந்து வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றேன். மாமா தன் வேடிக்கைக்குத் தானே சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று ஒருநாள்தான் சிரித்தார். அதுவும் எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு.