மூன்றாம் அத்தியாயத்தில் தேடிய பிழை

எனக்குப் பொறுமை கிடையாது. கல்லூரியில் கணக்கு டீச்சர். கரும்பலகையில் ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்தாலே கையிலிருக்கும் சாக்பீஸ் உடைந்துவிடும். அப்படிப்பட்டவளை எண்பதுகளின் கடைசியில், தென்னூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், பச்சை எழுத்து ஓடும் திரைக்கு முன்னால் நாள் கணக்கில் கட்டிப்போட்டது என் பிஎச்.டி. ஆராய்ச்சிக் கட்டுரை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. இனி கிடையாது, தவறினால் பதிவு ரத்து என்று கடிதமே வந்துவிட்டது. ஏழு வருஷ உழைப்பு.

டைப்ரைட்டரில் அடித்திருக்கலாம். ஆனால் சூத்திரங்களுக்கு இடம் விட்டுவிட்டு, பிறகு மசிப் பேனாவால் கையால் நிரப்ப வேண்டும். என் கையெழுத்தோ கோழி கிளறின மாதிரி. அப்போதுதான் கணக்குச் சூத்திரங்களைப் புத்தகத்தில் இருப்பதுபோலவே அச்சுக் கோத்துத் தரும் புரோகிராம் ஒன்று வந்திருந்தது. கட்டளை கட்டளையாக அடித்துக் கொடுத்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் மட்டும் வந்தது வினை. தப்பு நடந்த இடத்தில் வாயைத் திறக்காது. பத்து வரி தள்ளி, தனக்கு எங்கே உறைக்கிறதோ அங்கே நின்று கேள்விக்குறி போடும்.

டைப் அடித்தது என் கணவர். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். சாயங்காலமானால் ஸ்ரீரங்கத்திலிருந்து என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வருவார். ஒரு சூத்திரத்துக்குக்கூட அவருக்கு அர்த்தம் தெரியாது. தெரியாமலே நாலு மாதம் அடித்தார்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தது சென்டரின் ஆபரேட்டர் அம்மாள். மேலப்புதூர்ப் பக்கம், மாதா கோயிலுக்கு அருகில் வீடு. நிதானமானவள். செவ்வாய்க்கிழமை என் கணவர் ஐந்து அத்தியாயங்களையும் சேர்த்து ஓட்டுவதற்கான தலைமை ஃபைலைத் தயார் செய்தார். புதன்கிழமை காலை ஓட்டினோம். எடுத்த எடுப்பில் நின்றுவிட்டது.

ஆரம்பக் கட்டளையைக் காணோம் என்றது. கட்டளையோ எட்டாவது வரியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் கண்ணால் பார்த்தோம். என்டரைத் தட்டினால் வெற்றுத் தாள் ஒன்றைத் துப்பிவிட்டு, பக்க எண்களையெல்லாம் ஒன்று தள்ளிப் போட்டது. முதல் வரி, முதல் வரி என்று திரை சொன்னதை, தொடக்கத்திலேயே ஏதோ கோளாறு என்று பொதுவாக எடுத்துக்கொண்டோம்.

எனக்குச் சந்தேகம் மூன்றாம் அத்தியாயத்தின் மேல். அதில்தான் பெரிய சூத்திரங்கள். முந்தின நாள்தான் அவர் அதில் கை வைத்திருந்தார்.

"நீங்கதான் எங்கேயோ அடைப்பை விட்டிருக்கேள். வேற யாரு?" என்றேன்.

"ஒண்ணொண்ணாப் பார்த்துண்டுதானே அடிச்சேன்" என்றார்.

"பார்த்த லட்சணம்தான் தெரியறதே!"

அந்த அத்தியாயத்தின் பதினெட்டுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொன்னேன். லீவு போட்டுவிட்டு வந்து அடித்தார். நடுவில் கரண்ட் போய், சேமிக்காத நாலு பக்கம் காணாமல் போயிற்று. அதற்கும் அவரைத்தான் திட்டினேன். நான் உட்காரவில்லை. ஏசி அறைக்குள் மேஜைக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வியாழன் மத்தியானம் மறுபடி ஓட்டினோம். அதே கேள்விக்குறி.

"மூணாவது சாப்டரையே எடுத்துட்டு ஓட்டிப் பாக்கட்டுங்களா டீச்சர்?" என்றாள் ஆபரேட்டர்.

எடுத்தாள். அதே புகார். நாலாவதை எடுத்தாள். ஒவ்வொன்றாக ஐந்தையும் கழற்றினாள். புகார் மாறவே இல்லை. கடைசியில் திரையில் மிச்சம் இருந்தது தலைமை ஃபைலின் பத்துப் பன்னிரண்டு வரிகள்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"சார், மேல 'ஸ்ரீ' போட்டிருக்கீங்க."

முதல் வரியில், நட்ட நடுவில், ஆங்கில எழுத்தில் 'ஸ்ரீ'. ஆரம்பக் கட்டளைக்கு முன்னால் அச்சாக வேண்டிய எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. மெஷினுக்கு அது தெரிந்தது. கடிதம், கல்யாணப் பத்திரிகை, மளிகைச் சீட்டு என்று எதன் தலையிலும் அதைப் பார்த்துப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது எழுத்தாகவே படவில்லை.

"நாங்களும் சேசு மரி சூசைன்னு போட்டுத்தான் எழுத ஆரம்பிப்போம். அதான் எனக்கும் தோணலை" என்றவள், "முன்னாடி ஒரு சதவீதக் குறி போட்டாப் போதும் டீச்சர். மெஷின் அந்த வரியைப் படிக்காது. பிரிண்ட்லயும் வராது. சார் போட்டது அப்படியே இருக்கட்டுமே" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம். அழிங்கோ!" என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். "அழிச்சுடும்மா" என்றார். "பெரிய காரியமாச்சே, நன்னா முடியணும்னு போட்டேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு ரெண்டு நாள் போச்சே என்றுதான் இருந்தது.

பிறகு எல்லாம் தடதடவென்று நடந்தது. பிரிண்டர் வரி வரியாகக் கத்தியது. வெள்ளிக்கிழமை காலை அவர் அத்தியாயம் அத்தியாயமாகத் தாள்களை வாங்கிக்கொண்டு, பைண்டு செய்ய மலைக்கோட்டைக்கு ஓடினார். மிச்சமிருந்தது நன்றிப் பக்கம் மட்டும். இரண்டு விரலால் நானே தட்டினேன். வழிகாட்டிக்கு நன்றி. துறைத் தலைவருக்கு நன்றி. நூலகத்துக்கு, பிழையைக் கண்டுபிடித்த ஆபரேட்டருக்கு, கரண்ட் போனபோது ஜெனரேட்டர் போட்டுவிட்ட சென்டர் உரிமையாளருக்கு என்று ஒருவரையும் விடவில்லை. அவர் வந்து அந்தத் தாளையும் மடியாமல் வாங்கிக்கொண்டு போனார். நாலு மணி நாற்பதுக்கு அலுவலகத்தில் முத்திரை குத்திக் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் பிரதியைக் கூடத்தில் வைத்து அவர் புரட்டிக்கொண்டிருந்தார். காபியோடு வந்த நான், அவர் விரல் நின்ற பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நன்றிப் பக்கம். அதில் அவர் பெயர் இல்லை. கோபத்தில் விட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். மறந்தே போயிருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

"அச்சு ரொம்ப நன்னா வந்திருக்கு" என்று சொல்லி, காபிக்குக் கையை நீட்டினார்.