சுத்தத் தண்ணியில இருபது

எங்க வீட்டுக்காரருக்குப் பூச்சி எண்ணுறதுதான் வேலை. இவர் என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குச் சிரிக்க ஆரம்பிச்ச எங்க அண்ணன், இன்னும் நிறுத்தலை. கடுகளவுகூட இல்லாத தண்ணிப்பூச்சிங்க. தொழிற்சாலை ரசாயனத்தைத் தண்ணியில கலந்து, பீக்கருக்கு இருபது பூச்சி விட்டு, ரெண்டு நாள் கழிச்சு எத்தனை பிழைச்சிருக்குன்னு எண்ணணும். பக்கத்துல வெறும் சுத்தத் தண்ணியிலயும் இருபது இருக்கும். அதுல மூணு செத்தாலே, ரசாயனம்தான் கொன்னுச்சுன்னு சொல்ல முடியாம மொத்தச் சோதனையும் செல்லாமப் போயிடும்.

இந்தத் தடவை சாய ஆலையோட புது ரசாயனம். கழிவை ஆத்துல விடலாமான்னு கேட்டிருந்தாங்க. அந்த ஆத்துத் தண்ணிதான் எங்க குழாய்ல வருது. மூணு சோதனையிலயும் சுத்தத் தண்ணிப் பூச்சிங்க செத்துத் தொலைச்சது. நாலாவதும் போச்சுன்னா ஆலைக்காரங்க தங்களுக்கு வேண்டிய வேற ஆய்வகத்துக்குப் போயிடுவாங்கன்னு மேலதிகாரி சொல்லிட்டார். மனுஷனுக்குச் சோறே இறங்கலை. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு.

அவர் மறந்துட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஆய்வகத்துக்குப் போனேன். தொட்டிகிட்ட நின்னு ஒரு பீக்கரை நுரை பொங்கத் தேய்ச்சுக்கிட்டிருந்தார்.

"வீட்ல ஒரு டம்ளர் கழுவ மாட்டீங்க! அதை மட்டும் ஏன் இந்தத் தேய் தேய்க்கிறீங்க?"

"இது சுத்தத் தண்ணிக்குள்ளதுடி. கொஞ்சம் கூடுதல் சுத்தமா இருக்கட்டுமேன்னு..." சொல்லிக்கிட்டே நிறுத்திட்டார். "அடக் கடவுளே, சோப்பு! நான்தான் கொன்னிருக்கேன்!"

மத்த பீக்கருக்கெல்லாம் வெறும் அலசல்தானாம். நான் சிரிச்ச சிரிப்புல அவரும் சிரிச்சுட்டார்.

"இதை வெளிய சொல்லாதீங்க"ன்னு மேலதிகாரி கெஞ்சினாராம். இவர் கேட்டாத்தானே! முதல் மூணும் கெட்டது தன் சோப்பாலன்னு அறிக்கையிலயே எழுதிட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன்னு நான் திட்டினேன்.

எல்லா பீக்கரையும் சோப்பில்லாம அலசிச் செஞ்ச நாலாவது சோதனையில ரசாயனம் கலந்த பீக்கர் எதுலயும் ஒண்ணுகூட மிஞ்சலை. ஆலை மேலாளர் நேராவே வந்துட்டார்.

"இதுவும் உங்க சோப்பு வேலைதானே?"

யார்கிட்டயும் சத்தம் போட்டுப் பேசாத எங்க வீட்டுக்காரர், சுத்தத் தண்ணி பீக்கரை அவர் முன்னாடி நகர்த்தினார். "எண்ணிப் பாருங்க சார்."

மேலாளர் குனிஞ்சு எண்ணினார். கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி எண்ணினார். இருபது. இருபதும் நீந்திக்கிட்டிருந்துச்சு. எண்ணிப் பார்த்ததா அறிக்கையில கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போனார்.